விரல் போன ஆபரேட்டர் வேலைக்கு வருகிறேன் என்கிறார், சேர்க்கலாமா?

கேள்வி | 14 ஜூன் 2023 (சட்டப் பிரிவுகள் எல்லாம் அன்று நடப்பில் இருந்தபடி)

கோவையில் பம்ப் மோட்டாருக்கு ஸ்டாம்பிங் (பிரஸ்ஸில் வெட்டி எடுக்கும் தகடு) அடிக்கும் பட்டறை எங்களுடையது. 40 பேர். மே மாதத் தொடக்கத்தில் ஒரு பிரஸ் ஆபரேட்டருக்கு வலது கை ஆள்காட்டி விரலில் இரண்டு கணுவும் நடுவிரலில் ஒரு கணுவும் போய்விட்டன. இ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர் அரசுக் காப்பீடு) சிகிச்சை நடக்கிறது. இனி வேலைக்குப் போகலாம் என்ற பைனல் சர்டிபிகேட்டை டாக்டர் இன்னும் தரவில்லை. ஆனால் அவர் தினமும் போன் செய்து, "சார், திங்கட்கிழமை வந்துவிடுகிறேன்" என்கிறார். முதலாளி, "பாவம், வரட்டும். உட்கார்ந்து பேக்கிங் பார்க்கட்டும்" என்கிறார். சேர்த்துக்கொள்ளலாமா?

பதில் | 14 ஜூன், இரவு

வேண்டாம். பைனல் சர்டிபிகேட் கைக்கு வரும்வரை வருகைப் பதிவு போட விடாதீர்கள்.

இ.எஸ்.ஐ. சட்டத்தின் 63-ஆம் பிரிவைப் படியுங்கள். வேலை பார்த்துச் சம்பளம் வாங்கிய நாளுக்குத் தற்காலிக ஊன உதவித்தொகை கிடையாது. கொஞ்சம் சம்பளம், கொஞ்சம் உதவித்தொகை என்று கலந்து வாங்கவும் வழியில்லை. "பதிவேட்டில் ஏற்ற வேண்டாம், கையில் கொடுத்துவிடலாம்" என்று முதலாளி அடுத்ததாகச் சொல்வார், சொல்லாமல் இருக்கமாட்டார். அது இன்னும் மோசம். இந்த நாட்களில் இவர் வேலை பார்க்கவில்லை என்று உங்களிடமே எழுதி வாங்குவார்கள். பொய் என்று தெரிந்தால் முதலில் மாட்டுவது விரல் போனவர்.

15 ஜூன்

நேற்று அவசரத்தில் சட்டத்தை மட்டும் எழுதிவிட்டேன். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. காயம் ஆறாத கையோடு ஒரு மனிதர் தினமும் போன் செய்து வருகிறேன் வருகிறேன் என்பது எதற்காக? வேலைமீது உள்ள ஆசை என்று முதலாளிகள் பெருமையாகச் சொல்வார்கள். பல வருடம் பர்சனல் (பணியாளர்) பிரிவில் உட்கார்ந்தவன் நான். இந்த அவசரத்துக்குப் பின்னால் நான் பார்த்தவை இரண்டே. பணம் ஒன்று, இடம் போய்விடுமோ என்ற பயம் இன்னொன்று.

பணத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். உதவித்தொகை 90 சதவீதம் என்று எல்லோருக்கும் தெரியும். எதில் 90 சதவீதம்? இ.எஸ்.ஐ. பங்களிப்பு கட்டிய சம்பளத்தில். உங்கள் பட்டறையில் ஓவர்டைமைப் பதிவேட்டில் போடுகிறீர்களா, தனி வவுச்சரில் கொடுக்கிறீர்களா? வவுச்சர் என்றால் அந்தப் பணம் இ.எஸ்.ஐ. கண்ணுக்குத் தெரியாது. பதிவேட்டில் 15,600, கையில் வாங்கியது 20,000-க்கு மேல் என்றால், அந்த வீட்டில் இப்போது விழுந்திருக்கும் துண்டு பத்து சதவீதம் அல்ல. அவருடைய அவசரத்துக்குக் காரணம் உங்கள் வவுச்சர் கட்டில் கிடக்கிறது.

இன்னொன்று, சராசரி எடுப்பது பழைய சம்பளத்தில். ஜனவரி முதல் ஜூன் வரையில் அடிபட்டால், முந்தைய வருடம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வாங்கிய கூலிதான் கணக்கு. இந்தத் தைக்குப் போட்ட உயர்வு அதில் வராது. இதை அவருக்கு யாராவது உட்காரவைத்துச் சொன்னீர்களா? சொல்லாவிட்டால் "கம்பெனி ஏதோ அமுக்கிவிட்டது" என்றுதான் நினைப்பார்.

15 ஜூன், பிற்பகல்

பயத்தைப் பற்றி எழுதாமல் விட்டேன். அவருடைய பிரஸ்ஸில் இப்போது யார் நிற்கிறார்? புதுப் பையனைப் போட்டிருந்தால் அந்தச் செய்தி அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போயிருக்கும்.

17 ஜூன்

"91 நாள்தானே, அதற்குள் வந்துவிட வேண்டாமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 91 நாள், 70 சதவீதம் என்பது காய்ச்சல், மஞ்சள் காமாலை போன்ற சாதாரண நோய்க்கான உதவித்தொகை. வேலையில் பட்ட காயத்துக்கு அந்த வரம்பு இல்லை. ஊனம் நீடிக்கும்வரை, டாக்டர் சர்டிபிகேட் கொடுக்கும்வரை ஓடும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. பங்களிப்பு நாள் கணக்கெல்லாம் பார்க்கமாட்டார்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு எத்தனையோ பேர் அரைக் காயத்தோடு மிஷினுக்குத் திரும்பியிருக்கிறார்கள்.

18 ஜூன், ஞாயிறு

இன்று நேரம் இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நான் முன்பு இருந்த தொழிற்சாலையில் கனமான பிரஸ் ஓட்டிய ஒருவருக்கு இடது கையில் மூன்று விரல்கள் போயின. "தலைக்கு வந்தது விரலோடு போயிற்று" என்று மேலிடத்தில் பெருமூச்சு விட்டார்கள். அவர் திரும்பியதும் கேட்டில் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். சம்பளத்தில் கைவைக்கவில்லை. எல்லோரும் முதலாளியைப் புகழ்ந்தார்கள், நானும் சேர்த்துத்தான்.

டையை (தகட்டுக்கு வடிவம் வெட்டும் அச்சு) பிரஸ்ஸில் ஏற்றி, சத்தத்தை வைத்தே பஞ்ச் (தகட்டை வெட்டும் முனை) மழுங்கிவிட்டதா என்று சொல்லக்கூடிய ஆள் அவர். அவரைக் கொண்டுபோய் லாரி நம்பர் எழுதவைத்தோம். உள்ளே டை செட்டிங்கில் பிரச்சினை வந்தால் சூப்பர்வைசரே நைசாக கேட்டுக்கு வந்து, "அண்ணா, இது ஏன் பிசிறு தள்ளுகிறது?" என்று கேட்டுவிட்டுப் போவார். அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பதில் சொல்வார். உள்ளே வாருங்கள் என்று யாரும் கூப்பிட்டதில்லை. பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. கணக்கு முடிக்க அவருடைய மகன்தான் வந்தான்.

கேட் வேலை என்பது பல இடங்களில் சத்தம் போடாத வேலைநீக்கம். ஆளைப் பார்த்து வேலை கண்டுபிடிக்காமல் காயத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தால் இப்படித்தான் முடியும். உங்கள் ஆபரேட்டரிடம் பேசும்போது தேதியைப் பேசாதீர்கள். உங்கள் இடம் இருக்கிறது, இன்ன வேலை, இன்ன சம்பளம் என்று முதலில் சொல்லுங்கள், முடிந்தால் எழுதிக் கொடுங்கள். தினசரி போன் தானாக நின்றுவிடும்.

18 ஜூன், இரவு

சட்டம் கேட்பவர்களுக்கு: பிரிவு 73. உதவித்தொகை வாங்கும் காலத்தில் வேலையைவிட்டு நீக்குவதோ, பதவியைக் குறைப்பதோ, தண்டிப்பதோ கூடாது. விதிமுறைகளில் சில விலக்குகள் உண்டு. ஆனால் ஆறு வாரத்தில் "இனி நீ வேண்டாம்" என்பதற்கு அதில் இடமில்லை.

22 ஜூன்

பேக்கிங் லேசான வேலை என்று யார் சொன்னது?

ஸ்டாம்பிங் பேக்கிங்கைக் கிட்டத்தில் நின்று பாருங்கள். தகட்டை அடுக்கி, தட்டிச் சமன் செய்து, கம்பியோ பட்டையோ போட்டு இறுக்கிக் கட்டவேண்டும். கட்டின் எடை இருக்கட்டும், ஓரம் பிளேடு மாதிரி. நல்ல விரலுக்கு "அறுக்கிறது" என்று உடனே தெரியும். வெட்டுப்பட்ட விரலின் முனையில் ஒன்று உணர்ச்சி மந்தமாக இருக்கும், அல்லது லேசாகத் தொட்டாலே மின்சாரம் பாய்ந்த மாதிரி சுண்டும். சிலருக்கு இரண்டும் உண்டு. ரத்தம் வந்த பிறகுதான் அறுத்தது தெரியும்.

"சரி, இன்ஸ்பெக்ஷன்" என்பீர்கள். பிசிறை எதால் பார்க்கிறார்கள் உங்கள் பட்டறையில்? எங்கள் பக்கம் ஆள்காட்டி விரல் நுனியால் ஓரத்தைத் தடவித்தான். அவருக்கு இல்லாதது அதே நுனி. இடது கையால் பழகலாம், கேஜ் வைத்துப் பார்க்கலாம், லென்ஸ் கொடுக்கலாம். ஆனால் அதை யாராவது யோசித்துச் செய்யவேண்டும். "உட்கார்ந்து பார்க்கும் வேலை" என்று பெயர் வைத்தால் மட்டும் போதாது.

கையுறை விஷயமும் உண்டு. விரல் இல்லாத இடத்தில் கையுறையின் காலி விரல் தொங்கும். டிரில், கன்வேயர் பக்கத்தில் அது சிக்கினால் மிச்சக் கையும் போகும். அந்த விரலை மடக்கித் தைத்துக் கொடுங்கள். தையல்காரருக்கு ஐந்து நிமிட வேலை. சுழலும் மிஷின் பக்கம் என்றால் கையுறையே வேண்டாம்.

23 ஜூன்

நான் முதலாளிகளுக்கு எதிரி என்று ஒருவர் கண்டுபிடித்திருக்கிறார். என் சம்பளமே முதலாளி கொடுப்பதுதான் ஐயா. அவர் பணத்தை மிச்சம் பிடிக்கவும்தான் எழுதுகிறேன். டை சத்தம் தெரிந்த ஆளைப் புதிதாக உருவாக்க எத்தனை வருடம் ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

1 ஜூலை

கேள்வி கேட்டவர், "டாக்டர் எங்கள் வேலையைப் பார்த்ததே இல்லை, எப்படித் தகுதி சொல்வார்?" என்கிறார். சரியான கேள்வி. டாக்டருக்குத் தெரிந்தது எலும்பும் தசைநாரும். பிரஸ்ஸின் ஸ்ட்ரோக்கும் பெடலும் அவருக்கு எப்படித் தெரியும்? நீங்கள்தான் சொல்லவேண்டும்.

நான் செய்வது இது. அரைப் பக்கத்தில் வேலையை எழுதி, தொழிலாளி கையிலேயே கொடுத்து அனுப்புவேன். எவ்வளவு எடை தூக்கவேண்டும், ஒரு ஷிப்டில் ஏறக்குறைய எத்தனை முறை, எந்தக் கையால், நின்றா உட்கார்ந்தா, எண்ணெயும் ஈரமும் உண்டா, அதிர்வு உண்டா. அரைப் பக்கத்துக்கு மேல் போகவேண்டாம், வெளியே வரிசை நிற்கும்போது நீண்ட கடிதத்தை யாரும் படிக்கமாட்டார்கள். போனில் ஒரு நிமிட வீடியோ எடுத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. ஒரு தடவை அந்த வீடியோவைப் பார்த்த பிறகுதான் டாக்டர், "இந்தக் கையோடு இதையா செய்யப் போகிறாய்?" என்று கேட்டு, சர்டிபிகேட்டை இன்னும் கொஞ்ச நாளுக்கு நீட்டினார்.

தசைநார் தைத்திருந்தால் தனிக் கணக்கு. வெளியே தோல் ஆறியது உள்ளே நார் ஆறியதற்கு அடையாளம் இல்லை. பொதுவாகப் பாரமான பிடிக்கு மூன்று மாதம் வரை காத்திருக்கச் சொல்வார்கள். "வலியே இல்லை சார்" என்று கையை ஆட்டிக் காட்டுவதை நம்பி ஸ்பேனரைக் கொடுத்துவிடாதீர்கள்.

9 ஜூலை

புதிய செய்தி: பைனல் சர்டிபிகேட் வந்துவிட்டதாம். அடுத்து, ஊனம் எத்தனை சதவீதம் என்று முடிவு செய்யும் மெடிக்கல் போர்டு. எவ்வளவு கிடைக்கும் என்று கேட்கிறார்.

சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் ஒவ்வொரு விரலுக்கும் சதவீதம் போட்டிருக்கிறது. ஆள்காட்டி விரலில் இரண்டு கணு போனால் 11. நடுவிரலில் ஒரு கணுவுக்கு 7. கூட்டினால் 18. சராசரி நாள்கூலி 600 என்று வைத்துக்கொண்டால் முழு விகிதம் அதில் 90 சதவீதம், 540 ரூபாய். அதில் 18 சதவீதம் 97 ரூபாய் சொச்சம். மாதத்துக்கு ஏறத்தாழ 2,900. ஆயுள் முழுக்க வரும்.

இதில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. வேலைக்குத் திரும்பினால் இந்தப் பணம் நின்றுவிடும் என்று தொழிலாளி நினைக்கிறார். "அதுதான் பென்ஷன் வருகிறதே" என்று முதலாளி சம்பளத்தைக் குறைக்கப் பார்க்கிறார். இரண்டும் தவறு. அந்தப் பணம் போன விரலுக்கு, சம்பளம் செய்கிற வேலைக்கு. ஒன்றைக் காட்டி மற்றதில் கைவைக்க முடியாது.

10 ஜூலை

நேற்றுப் போட்ட 18 என் கணக்கு. போர்டு கையைப் பார்த்து முடிவு சொல்லும். மிச்ச விரல்கள் விறைத்துப் போயிருந்தால் அதையும் போர்டிடம் வாய்விட்டுச் சொல்லவேண்டும். நம் ஆட்கள் டாக்டர் முன்னால் நின்றால் "பரவாயில்லை சார்" என்றே சொல்லிப் பழகியவர்கள். முடிவு ஒப்பவில்லை என்றால் மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், அதற்கு மேல் இ.எஸ்.ஐ. நீதிமன்றம் என்று வழி இருக்கிறது.

தனியாக நஷ்டஈட்டு வழக்கும் போடலாம் என்று யாரோ ஏற்றிவிட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. இ.எஸ்.ஐ.யில் உள்ளவருக்கு 1923-ஆம் வருட நஷ்டஈட்டுச் சட்டத்தின்கீழ் கேட்க முடியாது. பிரிவு 53 தடுக்கிறது. வக்கீல் பீஸ் மிச்சம்.

30 ஜூலை

"அரசு பஸ் டிரைவருக்குக் கண்பார்வை போனால் வேறு வேலை கொடுக்கிறார்கள், எங்களுக்கு ஏன் இல்லை?" என்று ஒரு தொழிலாளி நண்பர் கேட்டிருக்கிறார். நியாயமான வயிற்றெரிச்சல்தான். 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, பணியில் இருக்கும்போது ஊனமுற்றவரை நீக்கக்கூடாது என்கிறது. பழைய வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை, அதுவும் இல்லாவிட்டால் அவருக்காகவே ஓர் இடம் உண்டாக்கவேண்டும். ஆனால் அது அரசு நிறுவனங்களுக்கு. 1995-ஆம் வருடச் சட்டத்திலும் இதே பாதுகாப்பு இருந்தது. ஒரு கால் போன காவலர் குணால் சிங் வழக்கில் 2003-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது அதை வைத்துத்தான்.

தனியார் பட்டறையில் அந்தக் கதவு இல்லை. தொடர்ந்த உடல்நலக் குறைவைக் காட்டி நீக்கினால் அது ஆட்குறைப்பு ஆகாது என்று தொழில் தகராறு சட்டமே சொல்கிறது. அதனால்தான் 18 ஜூனில், எழுதிக் கொடுங்கள் என்றேன். சட்டம் கொடுக்காததை ஒரு தாள் கொடுக்கும்.

13 ஆகஸ்ட்

அவர் வேலைக்கு வந்துவிட்டார். முதல் வாரம் எப்படி என்று கேட்டிருந்தேன், பதில் வந்திருக்கிறது. டை ரூமில் போட்டிருக்கிறார்கள், செட்டிங்குக்கு உதவி. பழைய அடிப்படைச் சம்பளம் அப்படியே. நல்ல இடம். ஆனால் பிரஸ் லைன் பக்கம் போகும்போது ராம் (பிரஸ்ஸில் மேலிருந்து இறங்கி அடிக்கும் பாகம்) இறங்கும் சத்தத்துக்குக் கை தானாகப் பின்னால் போகிறதாம். பையன்கள் சிரிக்கிறார்களாம்.

சிரிக்கிறவர்களைச் சூப்பர்வைசர் அடக்கவேண்டும், அவ்வளவுதான். கை பின்னால் போவது கோழைத்தனம் இல்லை. பல மாதம் இருக்கும், சிலருக்குப் போகவே போகாது. "பயத்தைப் போக்குகிறேன்" என்று பிடித்துக்கொண்டுபோய் அதே பிரஸ்ஸில் நிறுத்துகிற மேஸ்திரி எல்லா ஊரிலும் ஒருவர் இருப்பார், அவரிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள். விரல் போனவர் தானாகக் கேட்டால் மட்டும், முதலில் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.

அந்த பிரஸ்ஸை என்ன செய்தீர்கள்? இரண்டு மாதமாக இதை நான் கேட்கவே இல்லை, நீங்களும் சொல்லவில்லை.

14 ஆகஸ்ட்

நினைத்தேன். இரண்டு கையாலும் அழுத்தினால்தான் பிரஸ் அடிக்கும்படி இரண்டு பட்டன் இருந்ததாம், ஒன்றை டேப் ஒட்டி அழுத்தி வைத்திருந்தார்களாம். "ஆபரேட்டர்களே ஒட்டிக்கொள்கிறார்கள், நாங்கள் என்ன செய்ய?"

எதற்கு ஒட்டுகிறார்கள்? ஒரு கையால் தகட்டை உள்ளே தள்ளிக்கொண்டே மறு கையால் அடித்தால்தான் மணிக்கணக்கு டார்கெட் வருகிறது. டேப்பை ஒட்டியது ஆபரேட்டர் கை, ஒட்டவைத்தது டார்கெட். இரண்டு பட்டனையும் அரை நொடிக்குள் சேர்ந்து அழுத்தினால்தான் அடிக்கும், ஒவ்வொரு அடிக்கும் விட்டு அழுத்தவேண்டும் என்ற சர்க்யூட் சந்தையில் கிடைக்கிறது. டேப் அதனிடம் செல்லாது. டை திறப்பில் விரல் நுழையாதபடி தடுப்பு, தகடு எடுக்கக் காந்தக் கோல், இதெல்லாம் பெரிய செலவும் இல்லை. தொழிற்சாலைச் சட்டம் 21-ஆம் பிரிவு வேலி போடு என்று 1948-லேயே சொல்லிவிட்டது.

திரும்பி வந்தவர் அந்த பிரஸ்ஸைத் தாண்டித்தான் தினமும் டை ரூமுக்குப் போகிறார். டேப் இன்னும் அங்கேயே இருந்தால், நீங்கள் கொடுத்த தாளை அவர் எப்படி நம்புவார்?

17 செப்டம்பர்

சக தொழிலாளர்களிடம் முணுமுணுப்பாம். "அவனுக்கு மட்டும் லேசான வேலை, அதே சம்பளம்." எதிர்பார்த்ததுதான். அவருக்கு இன்சென்டிவ் (உற்பத்தி ஊக்கத்தொகை) எப்படிப் போடுகிறீர்கள் என்று கேட்டேன், பிரஸ் லைன் ஆட்களின் சராசரி என்றார்கள். அதுதான் முணுமுணுப்பின் வேர். டை ரூமில் மற்றவர்களுக்கு என்ன கணக்கோ அதையே இவருக்கும் போடுங்கள், குறைந்தால் குறைந்த தொகையை ஆறு மாதத்துக்குத் தனித் தலைப்பில் ஈடுகட்டுங்கள். எல்லோருக்கும் தெரியும்படி சொல்லிவிடுங்கள். மூடி மூடி வைத்தால் நூறு ரூபாய் ஆயிரமாகப் பேசப்படும்.

மார்கழிக் குளிருக்கு இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். வெட்டுப்பட்ட விரல் குளிர் தாங்காது, வெளுத்துப்போய் வலிக்கும். காலை ஆறு மணி ஷிப்டில் சில்லென்றிருக்கும் டையைத் தொடச் சொன்னால் பிடி நழுவும். ஜெனரல் ஷிப்டுக்கு மாற்றினால் தீர்ந்தது.

18 செப்டம்பர்

கேட் வேலையைப் பற்றி ஒரு வயதானவர் எழுதியிருக்கிறார். 56 வயதில் காலில் அடிபட்டு, தானாகக் கேட்டு வாங்கிய இடமாம், நிம்மதியாக இருந்தாராம். இருக்கலாம். கேட்டு வாங்கினார் என்பதைக் கவனியுங்கள். என் புகார் நாற்காலியைப் பற்றியதல்ல, கேட்காமல் உட்காரவைப்பதைப் பற்றியது.

28 அக்டோபர்

தீபாவளி நெருங்குகிறது, போனஸ் கேள்வி வந்துவிட்டது. அவர் வராத மே, ஜூன், ஜூலை நாட்களைக் கழிக்கலாமா என்று அக்கவுண்ட்ஸ் கேட்கிறதாம். அந்த நாட்கள் 2023–24 கணக்கு, அடுத்த தீபாவளிக்குத்தான் வரும். அப்போதும் கழிக்கக்கூடாது. போனஸ் சட்டம் 14-ஆம் பிரிவில், வேலையில் பட்ட காயத்தால் வராத நாட்களும் வேலை செய்த நாட்களாகவே எண்ணப்படும் என்று இருக்கிறது. கிராஜுவிட்டிக்கும் அப்படியே. சம்பள லீவுக் கணக்கு மட்டும் வேறு, தொழிற்சாலைச் சட்டத்தின் 79-ஆம் பிரிவில் இந்த நாட்கள் சேராது. உங்கள் முதலாளி மனமுவந்து சேர்த்தால் யாரும் தடுக்கப்போவதில்லை, கேட்டுப் பாருங்கள்.

ஓவர்டைம் வவுச்சரை நிறுத்தினீர்களா என்பதற்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.